ராமென் கிண்ணமும் பியர்ப் போத்தலும்: யப்பானிய நகர உணவொன்றின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

உணவு பற்றிய ஆராய்ச்சி நம்மிடையே பெரும்பாலும் இரு எல்லைகளுக்குள்ளேயே நின்றுவிடுகின்றது. ஒன்று போசாக்கு, மற்றையது சடங்கு. நாள் முழுவதும் உழைத்துக் களைத்த மனிதன் மாலை வேளையிலே கடையொன்றில் அமர்ந்து எதனை உண்கிறான், அதனைச் சமைத்துக் கொடுப்பவர் யாவர், அவ்வுணவுக்கு வேண்டிய மா எங்கிருந்து வந்தது என்னும் வினாக்கள் ஆராய்ச்சிக்கு உகந்தனவாகக் கொள்ளப்படுவது அரிது. ஆயின் ஒரு சமுதாயத்தின் பொருளியல் உறவுகளும் அச்சமுதாயம் தன்னைப் பற்றிக் கட்டியெழுப்பிக்கொள்ளும் எண்ணங்களும் மிகத் தெளிவாகச் சந்திக்கும் இடங்களுள் உணவுக்கடையும் ஒன்றாகும். யப்பானிய ராமென் கடையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ராமென் என்பது சூடான சாற்றில் இடப்பட்ட கோதுமை நூடில்ஸ். இன்று உலகின் பெருநகரங்களிலெல்லாம் அது யப்பானின் தேசிய உணவுகளுள் ஒன்றாகவே அறிமுகமாகின்றது. அவ்வாறு அறிமுகமாகும்பொழுது அதன் வரலாற்றிலே பங்குகொண்ட பல மனிதர் பார்வையினின்றும் மறைந்துவிடுகின்றனர். உணவினை மனமுவந்து ஏற்றுக்கொண்ட சமுதாயம் அவ்வுணவைக் கொண்டுவந்தவரையும் சமைத்தவரையும் அவ்வாறே ஏற்றுக்கொண்டதா என்பதே இங்கு நாம் எழுப்ப விரும்பும் வினா.

கடையும் கிண்ணமும்

யப்பானில் தங்கியிருந்த காலத்தில் நான் வழக்கமாகச் சென்றுவந்த கடை யொக்கோஹாமாவின் பழைய துறைமுகப் பகுதியில், ஒடுங்கிய சந்தொன்றினுள் இருந்தது. வாயிலில் ஒரு துணித்திரை, உள்ளே சமையலிடத்தைச் சுற்றி வளைந்து செல்லும் நீண்ட பலகை, அதன் முன் ஒன்பது இருக்கைகள், அவ்வளவே. கட்டடத் தொழிலாளி, அலுவலக எழுதுவினைஞர், பல்கலைக்கழக மாணவன் ஆகியோர் அங்கே தோளோடு தோள் முட்ட அமர்ந்திருப்பர். ஒருவரோடொருவர் பேசுவது குறைவு. ஆயினும் அந்நெருக்கத்தில் அந்நியத்தன்மை இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

முதலில் வருவது பியர். குளிர்ந்த போத்தலும் சிறிய கண்ணாடிக் குவளையும் சிறு தட்டில் புளிக்கவைத்த மூங்கிற் குருத்தும் வைக்கப்படும். பியரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் குடித்தவாறு சமையலாளரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருத்தல் அக்கடை தரும் முதலாவது இன்பம். ராமென் இரண்டாவது.

கிண்ணத்தின் அடியில் முதலில் சோயாச் சாற்றைக் கொண்டு ஆக்கிய செறிந்த உவர்ச்சுவைக் குழம்பு ஊற்றப்படும். அதன்மேல் பன்றி எலும்பு, கோழி எலும்பு ஆகியவற்றை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து இறக்கிய சாறு சேர்க்கப்படும். அச்சாற்றில் நெத்தலிக் கருவாடும் கொம்பு எனப்படும் கடற்பாசியும் நாம் சம்பலுக்கு இடும் மாசிக்கருவாட்டுக்கு நெருங்கிய உறவுடைய கற்சுவோபுஷி என்னும் உலர்மீனும் இடம்பெறும். இச்சேர்க்கையின் இரசாயனத்தை யப்பானிய அறிஞர் முன்னரே ஆராய்ந்துள்ளனர். கடற்பாசியின் சுவைக்குக் காரணம் குளுற்றாமிக்கமிலத்தின் உப்பு என்பதை 1908இல் இக்கெடா கிக்குனாஏ கண்டறிந்தார். உலர்மீனின் சுவைக்குரிய இனோசினிக்கமிலத்தை 1913இல் கொடாமா ஷின்தாரோ இனங்கண்டார். இவ்விரண்டும் ஒன்றுசேரும்பொழுது சுவை கூடுவதில்லை, பெருகுகின்றது. சூத்திரம் அறியாத சமையலாளரும் அனுபவத்தினால் இதனை அறிந்திருந்தனர்.

நூடில்ஸின் தன்மை மாவோடு கலக்கும் காரநீரினால் ஏற்படுவது. சோடியம் காபனேற்று, பொற்றாசியம் காபனேற்று ஆகிய உப்புகள் கோதுமையின் புரதத்தை இறுக்கி நூடில்ஸுக்கு மீள்தன்மையைக் கொடுக்கின்றன; மாவிலுள்ள நிறப்பொருளை மஞ்சளாக்குகின்றன. ஓரிரு நிமிடம் வெந்ததும் நீரை உதறி வடித்துச் சாற்றில் இடுவர். அதன்மேல் பன்றியிறைச்சித் துண்டுகள், மூங்கிற் குருத்து, நறுக்கிய வெங்காயத்தாள். சாற்றில் ஊறினால் நூடில்ஸ் பதங்கெட்டுவிடும் என்பதால் உடனே உண்ணவேண்டும். ஓசையெழ உறிஞ்சி உண்பது அங்கு அநாகரிகமாகக் கருதப்படுவதில்லை. காற்றோடு சேர்த்து உறிஞ்சும்பொழுது சூடு தணிகின்றது, மணமும் மேலெழுகின்றது. கொழுப்பும் உவர்ப்பும் நிறைந்த சாற்றைத் தொடர்ந்து பியரின் மெல்லிய கசப்பும் குமிழும் வாயைக் கழுவி அடுத்த கவளத்துக்கு ஆயத்தப்படுத்துகின்றன.

இவ்வின்பத்தை மறுப்பதற்கு எவ்வித காரணமும் இல்லை. ஆனால் அக்கிண்ணத்தைச் சற்றே கூர்ந்து நோக்குவோமாயின், அதன் விளிம்பிலுள்ள சதுரச் சுருட்கோலம் சீனத்துக்குரியது. இறைச்சித் துண்டுகளின் பெயரான சாஷு கன்ரன் மொழிச் சொல்லினின்றும் வந்தது. மூங்கிற் குருத்தைப் புளிக்கவைக்கும் முறை தென்சீனத்தையும் தாய்வானையும் சார்ந்தது. யப்பான் உண்ணும் கோதுமையில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேற்பட்டது ஐக்கிய அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்து வருவது. அக்கடையில் நூடில்ஸை வேகவைத்து நீரை உதறிய இளைஞன் நேபாளத்திலிருந்து வந்த மாணவன். இவை எவ்வாறு ஒரே பலகையின்முன் ஒன்றுகூடின?

ஒரே துறைமுகம், இரு வரவேற்பு

மேலைத்தேய வல்லரசுகள் 1858இல் யப்பான்மீது சுமத்திய சமத்துவமற்ற உடன்படிக்கைகளின் விளைவாக 1859இல் யொக்கோஹாமாத் துறைமுகம் திறக்கப்பட்டது. ஐரோப்பிய, அமெரிக்க வணிகரோடு அவர்தம் கணக்கர், தரகர், சமையற்காரராகச் சீனரும் வந்தனர். அவர்கள் குடியிருந்த பகுதி நங்கின்மாச்சி என அழைக்கப்பட்டது. சூடான சாற்றில் இடப்பட்ட கோதுமை நூடில்ஸ் இத்தகைய குடியிருப்புகளின் கடைகளிலேயே யப்பானியருக்கு அறிமுகமாயிற்று.

பியரும் இதே துறைமுகத்தினூடாகவே நாட்டினுள் வேரூன்றியது என்பது குறிப்பிடத்தக்கது. நோர்வேயிற் பிறந்த அமெரிக்கரான வில்லியம் கோப்லண்ட் 1870இல் யொக்கோஹாமாவின் யமத்தேக் குன்றுப் பகுதியில் பியர் ஆலையொன்றை நிறுவினார். அவ்விடத்திலேயே 1885இல் வெளிநாட்டார் தொடங்கிய கம்பனி 1888இல் கிரின் பியரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1907இல் அது யப்பானிய முதலாளிகளின் கைக்கு மாறியது. வடக்கே ஹொக்கைடோவில் அரசாங்கமே 1876இல் சப்போரோவில் ஆலை அமைத்து, ஜெர்மனியில் பயிற்சி பெற்ற நக்ககாவா செய்பெய் என்பாரை அதன் பொறுப்பில் அமர்த்தியது.

இரு பொருள்களும் வெளியிலிருந்து வந்தவை. ஆனால் அவை பெற்ற வரவேற்பு ஒன்றாயிருக்கவில்லை. பியர் நாகரிகத்தின் அடையாளமாக, அரசின் ஆதரவோடு கற்றுக்கொள்ளப்பட்டது. சீனரின் நூடில்ஸோ ஏழைகளின் மலிவான தீனியாகவே கருதப்பட்டது. மேற்கை நோக்கி வியப்புடனும், அண்டை ஆசியாவை நோக்கி ஏளனத்துடனும் பார்க்கும் மெய்ஜி காலப் பார்வையை இவ்விரண்டின் வரலாறும் ஒருங்கே காட்டுகின்றது.

1899இல் வெளிநாட்டார் குடியிருப்புகள் ஒழிக்கப்பட்டன. மேலைத்தேயத்தார் நாட்டின் எப்பகுதியிலும் வாழலாம் என்றாயிற்று. ஆனால் அதே ஆண்டின் பேரரசாணை ஒன்று வெளிநாட்டுத் தொழிலாளர், முன்னைய குடியிருப்புகளுக்கு வெளியே அனுமதியின்றி வாழ்வதையும் தொழில் செய்வதையும் தடுத்தது. நடைமுறையில் இது சீனத் தொழிலாளரைக் குறிவைத்ததாகும். பயிர்த்தொழில், சுரங்கம், கட்டட வேலை, சுமைதூக்குதல் ஆகியன தடைக்குள் அடங்கின. வீட்டு வேலை செய்வோர், சமைப்போர், உணவு பரிமாறுவோர் ஆகியோருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சீனரின் கைகள் சமையலறைக்கு மட்டுமே வேண்டப்பட்டன என்று இதனைப் பொருள்கொள்ளலாம். ராமென் பரவியமைக்குச் சுவை மட்டுமன்றி இச்சட்டமும் ஒரு காரணமாகும்.

1910இல் தோக்கியோவின் அசக்குசாப் பகுதியில் ஒஸாக்கி கன்இச்சி என்பவர் ராய்ராய்கென் என்னும் கடையைத் திறந்தார். அவர் யொக்கோஹாமாவில் சுங்க உத்தியோகத்தராக இருந்தவர். சமையலுக்கு யொக்கோஹாமாச் சீனரையே அவர் அமர்த்தினார். சோயாச் சாற்றைக் கலந்து யப்பானியரின் நாவுக்கேற்ப அமைக்கப்பட்ட அவ்வுணவு நகரத் தொழிலாளரிடையே பெருவரவேற்பைப் பெற்றது. வரலாற்று நூல்கள் கடைக்காரரின் பெயரைப் பதிவுசெய்துள்ளன. அடுப்பின்முன் நின்றவர்களுட் பெரும்பாலானோரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

பெயரின் வரலாறு

இவ்வுணவுக்கு வழங்கிய பெயர்களை வரிசைப்படுத்தினாலே ஒரு சமூக வரலாறு விரியும். நங்கின் சோபா என்பது முதற்பெயர். பின்னர் ஷினா சோபா என்னும் பெயர் நிலைபெற்றது. ஷினா என்பது சீனாவைக் குறித்த சொல். ஏகாதிபத்திய விரிவாக்க காலத்தில் அது இழிவுப்பொருள் ஏறிய சொல்லாயிற்று.

1923 செப்தெம்பர் முதலாந் திகதி ஏற்பட்ட கன்தோப் பூகம்பம் தோக்கியோவையும் யொக்கோஹாமாவையும் அழித்தது. நங்கின்மாச்சியும் இடிந்து எரிந்தது. கிணறுகளில் நஞ்சிட்டனர் என்ற பொய்வதந்தியின் விளைவாக, பெருந்தொகையான கொரியரைக் குடிமக்கள் குழுக்களும் பொலிசாரும் படையினரும் கொன்றனர். நூற்றுக்கணக்கான சீனத் தொழிலாளரும் கொல்லப்பட்டனர். இடிபாடுகளிடையே வாழ்க்கை மீண்டும் தொடங்கியபொழுது, தள்ளுவண்டிகளில் ஷினா சோபா விற்போரின் தொகை பெருகியது. இரவில் சருமெரா என்னும் குழலை ஊதிக்கொண்டு வரும் நூடில்ஸ்காரரின் ஓசை நகர வாழ்க்கையின் ஓர் அங்கமாயிற்று. உணவு வீதிக்கு வந்த அதே காலத்தில் அதனைக் கொண்டுவந்த இனத்தவர் வீதியிற் கொல்லப்பட்டனர் என்னும் உண்மையை ராமென் பற்றிய இனிய கதைகள் பெரும்பாலும் கூறுவதில்லை.

1937இல் சீனாமீது முழுமையான போர் தொடங்கியது. போர் முற்றிய ஆண்டுகளில் மா பங்கீட்டுக்கு உட்பட்டது. நூடில்ஸ் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பியரும் போரின் தேவைகளுக்கு அடங்கியது. வரி விதிப்பை எளிதாக்கும்பொருட்டு ஆலைகளின் பலவகைப் போத்தல்கள் அளக்கப்பட்டு, மிகச் சிறியதன் கொள்ளளவான 633 மில்லிலீற்றர் 1944இல் பொது அளவாக்கப்பட்டது. இன்றும் அங்கு பெரிய போத்தலின் அளவு அதுவே. அரசின் கணக்கேடு குடிப்பவன் அறியாமலே அவன் கையிலிருப்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தோல்வியின்பின், 1946இல் யப்பானிய வெளிவிவகார அமைச்சு ஷினா என்னும் சொல்லைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. கடைகளில் அதனிடத்தைச் சூக்கா சோபா என்னும் பெயர் பிடித்துக்கொண்டது. ராமென் என்னும் பெயர் நாடெங்கும் பொதுப்பெயரானமைக்கு 1958இல் வெளிவந்த சிக்கின் ராமென் என்னும் உடனடி நூடில்ஸ் பெரிதும் காரணமாயிற்று. அதனை உருவாக்கிய அந்தோ மொமொஃபுக்கு 1910இல் யப்பானின் குடியேற்றநாடாகவிருந்த தாய்வானிற் பிறந்தவர். யப்பானின் மிகப் புகழ்பெற்ற உணவுக் கண்டுபிடிப்பும் அவ்வாறு குடியேற்றநாட்டு மனிதர் ஒருவருடையதே.

பசியும் அமெரிக்கக் கோதுமையும்

1945ஆம் ஆண்டின் நெல் விளைச்சல் படுமோசமானது. போர்முனைகளிலிருந்தும் இழந்த குடியேற்றநாடுகளிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் திரும்பிக்கொண்டிருந்தனர். பங்கீட்டை மட்டும் நம்பி உயிர்வாழ்தல் இயலாதிருந்தது. கள்ளச்சந்தை வழக்குகளை விசாரித்த யமகுச்சி யொஷித்தடா என்னும் நீதவான், தாம் தண்டிப்பவர் செய்யும் குற்றத்தைத் தாமும் செய்யலாகாது எனக் கருதிக் கள்ளச்சந்தை உணவைத் தவிர்த்து 1947இல் போசாக்கின்மையால் இறந்தார். சட்டத்தை முழுமையாகக் கைக்கொண்டவன் இறக்கவேண்டியிருந்த சமுதாயம் அது.

இதே 1947இல் உணவுப் பற்றாக்குறையை முன்னிட்டுப் பெரும்பாலான உணவகங்கள் மூடப்படவேண்டுமென ஆணை பிறந்தது. ஆயினும் ஷிம்பஷி, உவெனோ முதலிய நிலையங்களைச் சூழ்ந்த சந்தைகளில், ஆலைகளிலிருந்து கசிந்த மாவைக் கொண்டு ஆக்கிய நூடில்ஸ் விற்கப்பட்டது. சீனாவிலிருந்தும் மஞ்சூரியாவிலிருந்தும் திரும்பியோர் பலர் அங்கு கண்டு பழகிய சமையலையே பிழைப்பாகக் கொண்டனர். பியரோடு அங்கே இன்று விரும்பி உண்ணப்படும் கியோஸா என்னும் இறைச்சிக் கொழுக்கட்டை இவ்வாறே பரவியது. கொழுப்பும் உவர்ப்பும் மாவும் நிறைந்த ஒரு கிண்ணம், அக்காலப் பசிக்குக் கிடைக்கக்கூடிய மிக மலிவான வலுவாக இருந்தது.

அம்மாவின் பெரும்பகுதி அமெரிக்காவினது. ஆக்கிரமிப்புக் காலத்தில் உதவியாக வந்த கோதுமை, 1954இன் பொதுச் சட்டம் 480இன் பின்னர் உபரி விளைச்சலுக்கான சந்தை தேடும் முயற்சியாக வெளிப்பட்டது. பாடசாலை மதிய உணவில் பாண் வழங்கப்பட்டது. 1956 முதல் அமெரிக்கக் கோதுமைச் செய்கையாளரின் நிதியுதவியோடு சமையற் பேருந்துகள் கிராமங்கள்தோறும் சென்று மாவுணவுகளைச் செய்துகாட்டின. மக்கள் பாணை மட்டும் ஏற்கவில்லை. அதே மாவைக் காரநீரிற் பிசைந்து தமக்கு உகந்த கிண்ணத்திலும் இட்டுக்கொண்டனர். வல்லரசின் உணவுக் கொள்கை மக்களின் நாவை முற்றாக ஆளமுடியாது என்பதற்கு இது சான்று. ஆனால் அந்த நாவைப் பிறநாட்டு மாவோடு பிணைத்துவிட அதனால் முடிந்தது என்பதும் உண்மையே.

இலங்கை வாசகருக்கு இது புதிய கதையன்று. நமது பாணின் வரலாற்றிலும் அதே பொதுச் சட்டம் 480இன் கோதுமை மாவுக்கு இடமுண்டு. 1980இல் திருகோணமலையில் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியபின்னரும் அதில் அரைக்கப்பட்டது இறக்குமதிக் கோதுமையே.

தேசியச் சின்னமாதல்

1950களின் நடுப்பகுதியில் தொடங்கிய விரைவான கைத்தொழில் வளர்ச்சி, கிராமத்து இளைஞரைத் தோக்கியோவுக்கு இழுத்தது. 1964 ஒலிம்பிக் விழாவுக்காக நகரைக் கட்டியெழுப்பியோருக்கு விரைவாகவும் மலிவாகவும் வயிற்றை நிரப்பும் உணவு தேவைப்பட்டது. அதே காலத்திற் பியரும் மேட்டுக்குடியினரின் பானம் என்னும் நிலையினின்றும் இறங்கிவந்து, 1959இல் அளவில் சாக்கே என்னும் அரிசி மதுவை விஞ்சியது. இன்று நாம் இயல்பான சோடியாகக் காணும் ராமெனும் பியரும் ஒரே பலகையின்மேல் நிலையாகச் சந்தித்தது உழைக்கும் மக்களின் இந்த மாலைப் பொழுதுகளிலேயே எனலாம்.

அக்காலத்தில் அதற்கு மதிப்பு இருக்கவில்லை. ஒஸு யசுஜிரோ 1962இல் எடுத்த ‘சன்மா நோ அஜி’ என்னும் திரைப்படத்தில், முன்னாள் ஆசிரியரொருவர் முதுமையில் சிறிய நூடில்ஸ் கடை நடத்துவது அவருடைய வீழ்ச்சியின் அடையாளமாகக் காட்டப்படுகின்றது. 1985இல் இத்தாமி ஜுஸோ எடுத்த ‘தம்போப்போ’விலோ நல்ல ராமென் சமைக்கக் கற்பது ஒரு வீரகாவியமாகவே உயர்த்தப்படுகின்றது. இவ்விரு படங்களுக்கிடைப்பட்ட காலத்தில் நாடு செல்வமடைந்தது; தொழிலாளியின் உணவு இரசிகரின் கலைப்பொருளாயிற்று. 1994இல் யொக்கோஹாமாவில் ராமெனுக்கென அருங்காட்சியகமே திறக்கப்பட்டது. சப்போரோவின் மிசோ, ஹக்காத்தாவின் பன்றி எலும்புச் சாறு எனப் பிரதேச வகைகள் பயணிகளை ஈர்த்தன. புதிய கடைகள் பலவற்றில் சீனச் சிவப்பும் சுருட்கோலமும் மறைந்து கறுப்பும் யப்பானியத் தூரிகையெழுத்தும் இடம்பெற்றன.

இச்சின்னத்தின் பின்னால் நிற்கும் உழைப்போ கடினமானது. விடியற்காலையில் எலும்பைக் கழுவிக் கொதிக்கவைக்கும் சிறு கடைக்காரருக்கு ஆயிரம் யென் என்பது தாண்டமுடியாத சுவராகப் பேசப்படுகின்றது. ராமென் மலிவான உணவு என்ற எண்ணம் மாறாததால், அதற்கு மேல் விலைகூறினால் வாடிக்கையாளர் தயங்குகின்றனர். 2022இல் உக்ரேன் போரையொட்டிக் கோதுமையும் எரிபொருளும் விலையேறியபொழுது இச்சுவரில் மோதி மூடிய கடைகள் பல. அதே கிண்ணம் நியூயோர்க்கிலும் இலண்டனிலும் அதனைப்போல் இரு மடங்கு விலைக்கு விற்கப்படுகின்றது.

அடுப்பின்முன் நிற்கும் கைகளும் மீண்டும் மாறியுள்ளன. யப்பானிய இளைஞர் குறைந்துவரும் நிலையில் நேபாளம், வியற்நாம், மியன்மார், இலங்கை முதலிய நாடுகளின் மாணவர் நகரத்து உணவுக்கடைகளில் வேலைசெய்கின்றனர். மாணவர் விசாவில் உள்ளோர் வாரத்துக்கு 28 மணித்தியாலத்துக்கு மேல் வேலைசெய்தல் கூடாது. 2019இல் ஏற்படுத்தப்பட்ட புதிய தொழில் விசாவில் உணவகத் துறையும் சேர்க்கப்பட்டது. சமைப்போருக்கும் பரிமாறுவோருக்கும் விலக்களித்த 1899ஆம் ஆண்டின் ஆணையை இது நமக்கு நினைவூட்டாமற் போகாது. கைகள் வேண்டும், மனிதர் எவ்வளவு வேண்டும் என்பதைச் சட்டம் அளந்து கொடுக்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ராமென் யப்பானியருடையதல்ல என்பது நமது முடிபன்று. அவ்வாறு கூறுவது மற்றொரு வகையான தூய்மைவாதமே ஆகும். கடற்பாசியும் உலர்மீனும் சோயாச் சாறும் சேர்ந்து அதனைப் புதியதோர் உணவாக்கின. யப்பானிய உழைப்பாளரின் பசியும் மாலைநேர ஓய்வும் அதற்கு வடிவம் கொடுத்தன. அது அவர்களுடையதே. ஆனால் அவர்களுடையது மட்டுமன்று. கன்ரன் சமையற்காரரும் தாய்வானிற் பிறந்தவரும் தள்ளுவண்டிக்காரரும் இன்றைய மாணவத் தொழிலாளியும் அதன் ஆக்கியோர் வரிசையிலுள்ளனர். ஓர் உணவைத் ‘தேசிய மரபு’ என அழைக்கும்பொழுது அவ்வரிசை சுருக்கப்படுமாயின், அச்சுருக்கம் மனிதர்மீதும் பாயக்கூடும் என்பதையே 1923ஆம் ஆண்டின் அனுபவம் உணர்த்துகின்றது.

ஊர் திரும்புமுன் கடைசியாக அக்கடைக்குச் சென்ற இரவு மழை பெய்துகொண்டிருந்தது. ஒன்பது இருக்கைகளும் நிறைந்திருந்தன. முதிய கடைக்காரர் சாற்றை ஊற்ற, நேபாள இளைஞன் நூடில்ஸை உதறி இட்டான். உதறிய விதம் சரியில்லையென்று முதியவர் ஒரு சொல் சொன்னார். அடுத்த கிண்ணத்துக்கு அவன் அதனைத் திருத்திக்கொண்டான். நூறாண்டுகளுக்கு முன்னர் சீனச் சமையற்காரரொருவர் யப்பானிய இளைஞன் ஒருவனுக்கு இதனையே கற்பித்திருக்கக்கூடும். அன்று பியரும் ராமெனும் வழமைபோலவே சுவையாக இருந்தன. அச்சுவை எத்தனை பேருடைய கைகளால் ஆனது என்பதை அறிந்திருந்தமை அதனைச் சிறிதும் குறைக்கவில்லை.